பயத்துக்குக் காரணம் தேடும் மனம்

(சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்திரிகை, சினிமா, டிவி, இப்போது கையில் இருக்கும் செல்போன், இவையெல்லாம் மனித மனத்தை என்ன செய்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேசுவதற்குத் திருப்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1801 ஜூன் மாதம் சின்ன மருது ஆங்கிலேயருக்கு எதிராக ஓர் அறிக்கை வெளியிட்டார். அது திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எந்தச் சாதியாராக இருந்தாலும், எந்த ஊராராக இருந்தாலும், பார்க்கிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்ட அறிக்கை அது. அதைக் கிழித்து எடுப்பவன் பெரும்பாவத்துக்கு ஆளாவான் என்றும் அதிலேயே எச்சரித்திருந்தார்கள். மக்களின் உணர்ச்சியைத் தொட்டு, செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பும் வித்தையை நம் மண் அன்றைக்கே அறிந்திருந்தது.

அந்த அறிக்கையின் அடியில் எழுதியவரின் பெயர் இருந்தது. யாரை எதிர்க்கிறேன், எதற்காக எதிர்க்கிறேன் என்று சொல்லி, மருதுபாண்டியன் என்று பெயரும் போட்டு ஒட்டினார்கள். நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 24-ஆம் தேதி, இதே திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தாம் பரப்பிய செய்திக்குத் தம் உயிரையே பொறுப்பாக வைத்தவர்கள் அவர்கள். இன்று காலை உங்கள் போனுக்கு வந்த செய்திகளில் எத்தனைக்கு அடியில் ஒரு பெயர் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

'செல்போன் வந்தது, பிள்ளைகள் கெட்டார்கள், ஊரும் கெட்டது' என்ற பேச்சை நானும் தினம் கேட்கிறேன். அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வெளியே இருந்து ஒரு கருவி வந்து, நல்ல மனத்துக்குள் கெட்டதைப் போட்டுவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். நடப்பது அப்படி இல்லை. மனத்தில் ஏற்கெனவே ஓர் அச்சமோ ஏக்கமோ இருக்கிறது. ஊடகம் அதற்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அதுவும் நமக்கு நம்பிக்கையான ஒருவரின் கையில் கொடுத்து அனுப்புகிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

2018 மே 9. ஒரு குடும்பம் சென்னையிலிருந்து காரில் கிளம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் பகுதிக்குப் போகிறது. குலதெய்வம் கும்பிடப் போகிறார்கள். மலேசியாவிலிருந்து வந்த உறவுக்காரர்களும் வண்டியில் இருக்கிறார்கள். வழி தெரியவில்லை. வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள். வண்டியில் இருந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாக்லேட் கொடுக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அடுத்த ஊருக்குப் போன் போனது. வண்டியை மறித்தார்கள், அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் மனநிலை சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இந்தச் செய்தி நம் வட்டாரத்தில் யாருக்கும் அந்நியமாகப் பட முடியாது. மாசி, பங்குனி வந்தால் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் ஊர்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்! முன்னோர் படைப்புக்கு வருகிறார்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருகிறார்கள். பாட்டன் காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த விலக்கில் திரும்ப வேண்டும் என்று தெரியாது. டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தித்தான் கேட்பார்கள். பெட்டி நிறையச் சாக்லேட் வைத்திருப்பார்கள். கண்ணில் படுகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். அத்திமூரில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

அடித்தவர்கள் எல்லோரும் பிறவியிலேயே கொடியவர்களா? அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் அவர்களை அந்த வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பயத்தைப் பற்றி நம் நாட்டிலேயே தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி நடந்தது.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாட்னாவில் இருந்த உளவியல் அறிஞர் பிரசாத், அந்த நாட்களில் மக்கள் நடுவே உலவிய வதந்திகளையெல்லாம் சேகரித்து, 1935-இல் ஒரு கட்டுரை எழுதினார். கங்கைத் தண்ணீர் காணாமல் போய்விட்டது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. பாட்னாவைச் சூறாவளி தாக்கப்போகிறது என்று இன்னொன்று. பெரிய பெரிய அழிவு வரப்போகிறது என்று பேசிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? வீடு இடிந்தவர்களோ ஆளைப் பறிகொடுத்தவர்களோ இல்லை. நில நடுக்கத்தை உணர்ந்தவர்கள், ஆனால் சேதம் எதையும் கண்ணால் பார்க்காதவர்கள்.

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திகைத்துப் போனார். மனிதன் பயத்தை வெறுப்பவன் ஆயிற்றே, அவன் ஏன் தன் பயத்தை மேலும் கூட்டுகிற கதைகளை நம்புகிறான்? யோசித்து யோசித்து அவர் கண்ட விடை இது. அந்த மக்களின் உடம்பில் பயம் இருந்தது. சுற்றிப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. காரணம் இல்லாத பயத்தைத் தாங்கிக்கொள்வது மனத்துக்குக் கஷ்டம். ஆகவே பயத்துக்குத் தகுந்த காரணத்தை அது தேடிப் பிடித்துக்கொள்கிறது. வதந்தியால் பயம் வந்ததாக நாம் நினைக்கிறோம்; பயம்தான் வதந்தியை வரவேற்று உட்கார வைக்கிறது. 1950-இல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு ஏற்பட்டு ஊரே சேதமானபோது, துர்கானந்த் சின்கா என்ற அறிஞர் அங்கிருந்த வதந்திகளை ஆராய்ந்தார். அங்கே இப்படிப்பட்ட மிகைக் கதைகள் இல்லை. கண் முன்னால் அழிவு கிடக்கும்போது பயத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. உலகமெங்கும் உளவியல் வகுப்புகளில் நடத்தப்படுகிற ஃபெஸ்டிங்கரின் 'மனமுரண்' கோட்பாட்டுக்கு இப்படி நம் நாட்டுப் பூகம்பத்தின் வதந்திகள் ஒரு தொடக்கமாக அமைந்தன.

இதை வைத்து 2018-ஐப் பாருங்கள். குழந்தை காணாமல் போகும் செய்தி, குழந்தைகள் மீதான வன்கொடுமைச் செய்தி என்று டிவியில் தினமும் பார்த்துப் பார்த்து ஒரு தாயின் மனத்தில் பயம் சேர்ந்துவிட்டது. அவள் தெருவில் எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. பீகாரில் வீடு இடியாமல் தப்பித்தவனின் நிலைமைதான் அவளுக்கும். அந்த நேரத்தில் ஒரு குரல் பதிவு வருகிறது.

இத்தகைய குரல் பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடும். பேசுகிறவர் நம்மைப் போலவே பேசுகிறார். செய்தி வாசிக்கிற குரலே இல்லை. மூச்சு வாங்குகிறது, பின்னால் வீட்டுச் சத்தம் கேட்கிறது. 'நேத்து நம்ம பக்கத்து ஊர்ல' என்று ஆரம்பிக்கிறார். எந்த ஊர் என்று கடைசிவரை வராது. தேதியும் வராது. நேற்று என்று மட்டும் சொன்னால் போதும், அந்தப் பதிவை எந்த மாதம் கேட்டாலும் அதற்கு முந்தின நாள்தான் நேற்று. அதனால் அது பழசாவதே இல்லை. போலீசில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் சொன்னார் என்று நடுவில் ஒரு வார்த்தை வரும். கடைசியில், நம் பிள்ளைகளுக்காக இதை எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். நமக்கு அதை அனுப்பியது யார் என்று பார்த்தால், சித்தியாக இருப்பார், ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார், பிள்ளை படிக்கிற பள்ளியின் பெற்றோர் குழுவாக இருக்கும். நம் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அனுப்புகிறார்கள். அன்பு வழியாகத்தான் அந்தப் பொய் வீட்டுக்குள் வருகிறது. இந்த ஓரிடத்தில்தான் சமூக ஊடகம் பழைய ஊடகங்களைவிட ஆபத்தாகிறது. பத்திரிகைக்காரன் சொன்னால் சந்தேகப்படலாம். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி இருப்பவள் கண்கலங்கிச் சொன்னால் எப்படிச் சந்தேகப்படுவது?

அந்த மாதங்களில் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு சின்னப் பையனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். வீடியோ முடிகிறது. பார்க்கிற யாருக்கும் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். அசல் படத்தில் அந்த வண்டி திரும்பி வருகிறது. பையனைப் பத்திரமாக இறக்கிவிட்டு, ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்ற வாசகத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தச் சில நொடிகளை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது. 2018 ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில் இதே பிள்ளை பிடிக்கும் வதந்தியால் ஒரே நாளில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் அசைந்தது. அந்த ஜூலையில் ஃபார்வர்டு செய்த செய்தி என்று அடையாளம் காட்டத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு வைத்தது. 2019 ஜனவரியில் அதை உலகம் முழுவதற்கும் நீட்டித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று இறுக்கியபோது, அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் எழுபது விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஒரு பொத்தானை இரண்டாம் முறை, மூன்றாம் முறை அமுக்க வேண்டும் என்றானதுமே இத்தனை குறைகிறது! பரப்பியவர்களில் பெரும்பாலோர் யோசித்துப் பரப்பவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பொய்க்கு ஏன் இந்த வேகம்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு எழுபது விழுக்காடு அதிகம். உண்மை 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. மனிதர்கள்தான் பரப்பினார்கள். பொய்யில் புதுமையும் திகைப்பும் அதிகம். கேட்டதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே நிஜம் போலவும் ஆகிவிடுகிறது. ஒரு வாக்கியத்தை முன்பே கேட்டிருந்தால், அது பொய்யாக இருந்தாலும், மக்கள் அதை உண்மையென்று கருதும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை 1977-இலேயே சோதனை செய்து காட்டினார்கள். ஐந்து குழுக்களில் ஒரே செய்தி வந்தால், ஐந்து பேர் சாட்சி சொன்ன மாதிரி நமக்குத் தோன்றுகிறது. ஐந்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நம் மக்கள் பயந்தது வடநாட்டுக்காரர்களைக் கண்டு. 2023 மார்ச் மாதம் இது அப்படியே தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்காகவோ நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். ஹோலிப் பண்டிகைக்குப் போக வேண்டியவர்களும், போக வேண்டாம் என்று இருந்தவர்களும் சேர்ந்து ரயிலேறினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. 2018-இல் நம் ஊர்த் தாய்க்கு எப்படி ஒரு பயம் இருந்ததோ, பீகாரில் மகனைப் பிரிந்திருக்கும் தாய்க்கும் அப்படி ஒரு பயம் இருந்தது. மொழி தெரியாத ஊரில் என் பிள்ளை என்ன ஆவானோ என்பதுதான் அது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீடுகள் இருக்கிற வட்டாரம் நம்முடையது. அந்தப் பயம் நமக்குப் புரியாததில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களின் கடையிலிருந்து வரும் கடிதத்தில் ஊர் இருக்கும், தமிழ்த் தேதி இருக்கும், கடையின் விலாசம் இருக்கும், எழுதியவரின் கையெழுத்து இருக்கும். கூடவே ஐந்தொகை என்னும் கடைக் கணக்கும் வரும். மருதுவின் அறிக்கைக்கும் இந்தக் கடிதத்துக்கும் பொதுவாக இருந்தது அதுதான். கேட்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்று இரண்டிலும் தெரியும்.

பொய்யைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மைச் செய்தியும் மனத்தை நோகடிக்கும். 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. இங்கிருந்து அதிக தூரம் இல்லாத ஊர். நான்கு நாட்கள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. தீபாவளியும் அதற்கு நடுவில் வந்து போனது. தொலைக்காட்சிகள் இரவு பகலாக நேரலை செய்தன. குழந்தையின் கை தெரிந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியை எத்தனை முறை காட்டினார்கள் என்று கணக்கே இல்லை. 29-ஆம் தேதி விடியற்காலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அந்த நாட்களில் தூத்துக்குடியில் ஒரு பெற்றோர் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகப் பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பதற்றத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் ஏற்றிக்கொண்டே இருந்தவர்களைத்தான் நான் கேட்கிறேன். இத்தனை மணி நேர நேரலையால் அந்தக் குழந்தைக்கு என்ன நன்மை? பார்த்தவர்களுக்கு என்ன நன்மை?

2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களிடம் ஆய்வு செய்தார்கள். குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மன உளைச்சல் கூடுதலாக இருந்தது. தூக்கமின்மை, படபடப்பு, கண்ணை மூடினால் அதே காட்சி. நேரில் பார்த்தவனுக்குச் சம்பவம் ஒரு முறை நடந்து முடிந்துவிடுகிறது. திரையில் பார்ப்பவனுக்கு அது முடிவதே இல்லை. நடுக்காட்டுப்பட்டி நாட்களுக்குப் பிறகு வீட்டுப் பிள்ளைகள் இருட்டைக் கண்டு அழுததையும், பெரியவர்கள் தூக்கம் கெட்டுத் திரிந்ததையும் இங்கே பல வீடுகள் அறியும்.

அச்சத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஏக்கத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வரும். லட்டு ஊட்டுகிற படம். அதே பத்திரிகையின் உள்பக்கத்தில், தேர்வில் தோற்ற பிள்ளை எடுத்த விபரீத முடிவும் ஒரு மூலையில் வரும். 2017-இல் தமிழ்நாடு அரசு அந்த முதலிடப் பட்டியலையே நிறுத்தியது. மனம் நலிந்த மாணவர்களுக்காக 104 என்ற எண்ணில் ஆலோசனையும் தரப்பட்டது. இது நல்ல முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அரசு நிறுத்தியதை நாம் வீட்டில் எடுத்துக்கொண்டோம். முடிவு வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மதிப்பெண் பட்டியல் ஏறுகிறது. பார்க்கிற பெரியம்மா, 'நம்ம பிள்ளை எவ்வளவு?' என்று கேட்கிறார். மதிப்பெண் குறைந்த பிள்ளை அன்றைக்கு முழுவதும் தன் போனில் சொந்தக்காரர்களின் பெருமையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகையில் படம் வந்தது ஊர் பேர் தெரியாத பிள்ளையுடையது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஸ்டேட்டஸில் வருவது பக்கத்து வீட்டுப் பிள்ளை, அத்தை மகள், கூடவே டியூஷன் போன தோழி.

மனிதன் தன்னை எடைபோடுவதற்குத் தன்னைப் போன்றவர்களோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறான் என்று அதே ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் நம்மை அவ்வளவாக வருத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் வருத்துகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களின் சிறந்த தருணங்களை மட்டும் வடிகட்டி நாள் முழுக்கக் காட்டும்படி ஒரு கருவி செய்தால் என்ன ஆகும்? 2021 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மேலும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள் என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. 'ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த' என்பதைக் கவனியுங்கள். அந்த வருத்தத்தின் விதை நமக்குப் பழையது. நிறம் வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று 1975 முதல் விளம்பரம் பார்த்து வளர்ந்த சமூகம் இது. அந்தக் கிரீம் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று.

அதற்காக எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். காரைக்குடியில் ஏவி.எம். ஸ்டூடியோ இருந்த காலத்தில் இங்கே எடுத்து 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' விடுதலை உணர்வை எத்தனை ஆயிரம் பேருக்குக் கொண்டுபோனது! டிவி சீரியலைப் பற்றி நாம் எவ்வளவு ஏளனமாகப் பேசுகிறோம்! ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாடு உள்பட இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2001 முதல் 2003 வரை கிராமங்களைத் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில், மனைவியைக் கணவன் அடிப்பது நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் குறைந்தது. வீட்டு விவகாரங்களில் பெண்களின் சொல்லுக்கு மதிப்புக் கூடியது. அந்தப் பெண்களின் மனத்திலும் முன்பே ஓர் ஏக்கம் இருந்திருக்கிறது, அடி வாங்காமல் வாழ முடியாதா என்று. அப்படியும் வாழ்கிறார்கள் என்று திரை காட்டியது. வதந்தி எந்த வாசல் வழியாக நுழைந்ததோ, அதே வாசல் வழியாக இதுவும் நுழைந்திருக்கிறது.

எழுதுகிற விதத்தை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வியன்னாவில் 1980-களில் சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகின; பத்திரிகைகள் அவற்றைப் படமும் விவரமுமாகப் பெரிதுபடுத்தின. 1987-இல் மருத்துவர்களும் பத்திரிகைகளும் கலந்து பேசி, அடக்கமாக எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆறு மாதத்திலேயே அந்த எண்ணிக்கை முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு இதைத்தான் நம் பத்திரிகைகளிடம் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019-இல் விதிமுறைகள் வெளியிட்டது: தலைப்பில் பெரிதாகப் போடாதே, எப்படிச் செய்தார் என்று விவரிக்காதே. பத்திரிகைகள் ஓரளவு கேட்கின்றன. வீட்டு வாசலில் மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்கள் கேட்பதில்லை. நாமும் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை. இந்தக் கூட்டத்தில் யாருக்காவது மனம் பாரமாக இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, என்ன செய்வது என்று கேட்பீர்கள். சட்டம் வேண்டும், நிறுவனங்களுக்குக் கடிவாளம் வேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வதந்தி வருவது நம்பிக்கையான கை வழியாக என்றால், அதை நிறுத்தவும் நம்பிக்கையான ஆள்தான் வேண்டும். 1982-இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தபோது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குன்றக்குடியிலிருந்து அடிகளார் அங்கே போனார். இரண்டு தரப்பு மக்களையும் நேரில் பார்த்துப் பேசினார். சைவ மடத்தின் தலைவர் மீனவர் குடிசைக்கு வந்து உட்கார்ந்து பேசினால், அதற்கு முன்னால் எந்த வதந்தி நிற்கும்?

அவரைப் போன்ற ஒருவர் எல்லா ஊருக்கும் கிடைக்கமாட்டார். அதனால் இன்னொரு வழியையும் சொல்கிறேன். 2018-இல் தெலங்கானாவில் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டத்தின் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பிரித்துக் கொடுத்து, தவறாமல் போய் மக்களோடு பேசிவரச் செய்திருந்தார். ஒருநாள் ஒரு காவலர் வந்து ஒரு விஷயம் சொன்னார். கோடைக் காலத்தில் வாசலில் கட்டில் போட்டுத் தூங்குகிற ஜனங்கள், இந்த வருடம் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முடங்கிவிடுகிறார்கள். ஏன் என்று விசாரித்தபோதுதான், பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வீடியோக்கள் ஊரெங்கும் சுற்றுவது தெரிந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. கட்டில்கள் உள்ளே போனதைக் கவனித்த ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். பிறகு காவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். தப்பு அடித்து ஊர் கூட்டினார்கள், கிராமியப் பாடகர்களைக் கொண்டு பாட்டாகச் சொல்ல வைத்தார்கள். கிராமத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் ஆட்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அந்த மாவட்டத்தில் வதந்தியால் ஓர் உயிரும் போகவில்லை.

நம் தாலுகாவில் எத்தனை ஊராட்சி, எத்தனை பள்ளி, எத்தனை குழு! ஒவ்வொரு குழுவையும் தொடங்கி நடத்துகிற அட்மின் ஒருவர் இருக்கிறார். அவர்களில் சிலர் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் கிராம செவிலியர், தலைமை ஆசிரியர், ஸ்டேஷனில் உள்ள பீட் காவலர், இவர்களின் எண்களைக் குழுவின் முகப்பு விவரத்தில் எழுதி வையுங்கள். சந்தேகமான செய்தி வந்தால் முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள். அவர்கள் சொன்னதை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் குழுவில் போடுங்கள். பங்குனிப் பொங்கலுக்கு வெளிநாட்டு உறவினர்களின் வண்டிகள் வந்து சேருவதற்குள் இந்த வேலையை முடித்துவிட முடியும்.

இப்போது கேள்விகளைக் கேட்கலாம். இடம் கிடைக்காமல் வாசல் பக்கம் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேளுங்கள்.